மேலே ஒரு தரை, கீழே ஒரு தரை

தமிழகத்தின் பழைய வீடுகளில் இப்போது ஒரு புதிய விருப்பம் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், சிவப்பு ஆக்சைடு பூசிய சிமென்ட் தரைமீதும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரைமீதும் வெள்ளை டைல்ஸ் ஒட்டிக்கொண்டோம். வசதி குறைந்தவர்கள் பூப்போட்ட வினைல் விரிப்பைப் பசை தடவி ஒட்டினார்கள். இன்று அவ்வீடுகளின் அடுத்த தலைமுறையினர் அந்த மேல்தளத்தைப் பெயர்த்துவிட்டுப் பாட்டன் காலத்துத் தரையை மீட்க விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதே. ஆயினும், அது நிறைவேற்றப்படும் விதத்தைக் காணுந்தோறும் நமக்குக் கவலையே மிகுகிறது. மீட்பு என்ற பெயரில் தொடங்கும் வேலை, பெரும்பாலும் மீட்க நினைத்த பொருளையே அழித்துவிட்டு முடிகிறது. மேலே இருப்பதை அகற்றும் ஆர்வம் இருக்கிற அளவுக்கு, கீழே இருப்பதைப் பற்றிய அறிவு நம்மிடம் இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இலக்கியம் பேசும் இடத்தில் தரையைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். சுவடியையும் பதிப்பையும் அறிந்தவர்களுக்கு இது அந்நியமான சிக்கல் அன்று என்பது போகப் போக விளங்கும். முதலில் தரையைப் பார்ப்போம்.

சிவப்பு ஆக்சைடு தரை என்பது முழுக் கனத்துக்கும் சிவப்பாக இருப்பதன்று. அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம் அல்லது சிமென்ட் கான்கிரீட். அதன்மேல் சாதாரணப் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே சில மில்லிமீட்டர் அளவில் மட்டும் இரும்பு ஆக்சைடு கலந்த சிமென்டைக் கரண்டியால் திரும்பத் திரும்ப இழைத்துத் தந்த மெருகு. ஆத்தங்குடிக் கல்லும் இவ்வகையதே. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் நிரப்பி, சூளையில் சுடாமல், நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். நம் கண்ணுக்குத் தெரிகிற பூவும் கொடியும் சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் உயிர் வாழ்கின்றன. எனவே மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக அறுத்துவிட்டால் தரை போய்விட்டது என்றே பொருள். சுவரில் மூன்று மில்லிமீட்டர் கீறலைப் பூசி மறைக்கலாம். நூறாண்டு எண்ணெயும் பாதமும் பட்டுக் கனிந்த சிவப்பில் விழுந்த கீறலுக்கு ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டு மட்டுமே கண்ணில் நிற்கும்.

காவிரிப் படுகையில் நாம் நன்கறிந்த வீடு ஒன்று உண்டு. கூடத்திலும் தாழ்வாரத்திலும் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். கூடத்தை ஓர் ஒப்பந்தக்காரர் சதுர அடிக் கணக்கில் எடுத்துக்கொண்டார். உடைக்கும் இயந்திரத்துடன் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒரே பகலில் டைல்ஸ் முழுவதும் வெளியேறிவிட்டது. அதனோடு சேர்ந்து சிவப்புத் தரையும் உள்ளங்கை உள்ளங்கையாகப் பெயர்ந்து குப்பை வண்டியில் ஏறியது. தாழ்வாரத்தை வீட்டுக்காரர் வேறொருவரிடம் ஒப்படைத்தார். அறுபதைக் கடந்த கொத்தனார் அவர், நாட்கூலி. முதல் நாள் அவர் எந்த இயந்திரத்தையும் எடுக்கவில்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அதன் மரக் கைப்பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக்கொண்டே போனார். சிலவற்றில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். “எவ்வளவு கனம்னு தெரியாம மெஷினத் தொடக்கூடாது சார்” என்பதே அவர் சொன்ன ஒரே விளக்கம். தாழ்வாரம் முடிய ஒன்பது நாட்கள் ஆயின. சிவப்புத் தரை ஏறக்குறைய முழுமையாக இன்றும் அங்கே இருக்கிறது.

ஒரே வீடு, ஒரே தரை, ஒரே கலவை. வேறுபட்டது அறிவும் கூலிமுறையும். இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

அறிவு என்று நாம் சொல்வது மந்திரம் அன்று, வரிசைப்படுத்திச் சொல்லக்கூடியதே. முதல் கேள்வி, கீழே மீட்பதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னர் பழைய தரையை உளியால் கொத்திவிடும் வழக்கம் நம் கொத்தனார்களிடம் உண்டு. வழவழப்பான பரப்பில் கலவை பிடிக்காது என்பதால் அவ்வாறு செய்வார்கள். அப்படிக் கொத்தியிருந்தால் கீழே இருப்பது அம்மைத் தழும்பு நிறைந்த முகம்தான். கொத்தாமல் ஒட்டியிருந்தால், அந்த வழவழப்பே நமக்குத் துணை. எண்ணெய் ஏறிய மெருகில் கலவை இறுகப் பற்றியிருக்காது. அத்தகைய இடத்தைத் தட்டினால் பொள்ளலான ஒலி எழும். கொத்தனார் கோடு போட்டவை அத்தகைய டைல்ஸே. வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி கனம். இதற்கு வீடே சாட்சி சொல்லும். டைல்ஸ் ஒட்டியபோது கதவுகள் தரையில் உரசியிருக்கும்; தச்சர் கதவின் அடியை இழைத்து எடுத்திருப்பார். எவ்வளவு இழைத்தார் என்பதைக் கதவைப் பார்த்தே ஓரளவு அறியலாம். படிக்கட்டில் முதல் படி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக நிற்கும். அந்தக் குறைவு ஏறக்குறைய மேல்தளத்தின் கனமே. முற்றத்து ஓரத்தில் தரையின் குறுக்குவெட்டு வெளிப்படையாகவே தெரியும். இவற்றுக்குப் பின்னரும், கட்டிலோ பத்தாயமோ நிற்கப்போகிற மூலையில் ஒரே ஒரு டைல்ஸைப் பலி கொடுக்க வேண்டும். அதை நடுவில் உடைத்துத் துண்டு துண்டாகக் கையால் எடுத்துவிட்டு, மூன்று இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். டைல்ஸின் கனம் எங்கும் ஒன்றே. அடியிலுள்ள கலவையின் கனம் அவ்வாறன்று. நீர் வடிய வாட்டம் கொடுப்பதற்காக ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போட்டிருப்பார்கள். ஒரே அளவை வைத்து அறை முழுவதும் அறுப்பவர், வாட்டத்தின் மெலிந்த பக்கத்தில் பழைய தரைக்குள் இறங்கிவிடுவார்.

மூன்றாவது, அறுப்பு. எதற்காக அறுக்கிறோம் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். டைல்ஸைத் துண்டாக்குவதற்காக அன்று. ஒன்றை மற்றொன்றிலிருந்து விடுவிப்பதற்காக. இணைப்புக் கோடுகளில் மட்டும் அறுத்து, ஒவ்வொரு டைல்ஸையும் தனித் தீவாக்கிவிட்டால், ஒன்றைப் பெயர்க்கும்போது எழும் அதிர்ச்சி அடுத்ததற்குப் பரவாது. கையில் பிடிக்கும் கிரைண்டருக்கு ஆழக் கட்டுப்பாடு கிடையாது. பிடித்திருப்பவரின் மணிக்கட்டே கட்டுப்பாடு. மார்பிள் கட்டர் என்று கடைகளில் கேட்டு வாங்கும் கருவியில் அடித்தகடு ஒன்று உண்டு. அதன் திருகைத் தளர்த்தி, வட்டத்தகடு எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்று முடிவுசெய்து இறுக்கிக்கொள்ளலாம். டைல்ஸ் 8 மி.மீ. என்றால் 6 மி.மீ. வைக்க வேண்டும். மீதி 2 மி.மீ. அறுபடாமல் இருக்கட்டும், உளியின் நெம்புதலில் அது தானே முறியும். முழுக் கனத்தையும் அறுத்தே தீர்வேன் என்பவரிடம்தான் தரை தோற்கிறது.

சுவரோரத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. அறுப்பது வட்டத்தகடு, ஆகவே அறுப்பின் முனை செங்குத்தாக முடியாது, வளைந்தே முடியும். 110 மி.மீ. விட்டமுள்ள தகட்டை 8 மி.மீ. ஆழம் இறக்கினால், முழு ஆழம் கிடைக்கும் இடத்துக்கு அப்பாலும் மேற்பரப்பில் ஏறத்தாழ 28 மி.மீ. நீளத்துக்குக் கீறல் ஓடும். கருவியின் உடலும் சுவரில் இடிக்கும். ஓரம்வரை ஒரே ஆழத்தில் அறுக்க முயல்பவர், கருவியைச் சாய்த்து அழுத்தி, அந்த ஒரு முனையில் தரையைக் குத்திவிடுவார். ஓரங்கள் கை உளிக்கு உரியவை. இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிவதும் இயந்திரத்தை இயக்கும் திறனின் ஒரு பகுதியே.

பெயர்க்கும்போது உளியைச் செங்குத்தாக நிறுத்தி அடிப்பது, கீழ்த்தரையின் நெஞ்சில் ஆணி அறைவதற்கு ஒப்பானது. உளி படுத்திருக்க வேண்டும். விடுபட்ட விளிம்பிலிருந்து பக்கவாட்டில் நுழைய வேண்டும். டைல்ஸ் போனபின் நிற்கும் கலவையைச் சிறு சுத்தியலால் நொறுக்கி எடுத்து, கடைசிப் படலத்தைத் தேய்ப்புக் கல்லால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படலத்தில்தான் பலர் ஆசிட் புட்டியைத் திறக்கிறார்கள். ஆசிட் சிமென்டைக் கரைக்கும் என்பது உண்மை. பழைய தரையும் சிமென்டும் சுண்ணாம்பும்தானே? மேலே உள்ள சிமென்டைத் தின்றுவிட்டு, கீழே உள்ளதை விட்டுவிடும் நாகரிகம் அதற்குத் தெரியாது.

வினைல் விரிப்பாயின் இயந்திரமே வேண்டாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்க் கனமுள்ள பொருள் அது. கத்தியின் முனையைச் சிறிதளவே வெளியே நீட்டி, ஒரே கோட்டில் இருமுறை மெல்ல இழுத்தால் போதும். முதல் இழுப்பு வழி காட்டும், இரண்டாவது பிரிக்கும். ஒரு சாண் அகலத்தில் பட்டைகளாகக் கீறிக்கொண்டு, வெப்பக் காற்றுக் கருவியால் பசையை இளக்கி, மெல்லச் சுருட்டி இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் அறை முழுவதையும் உரித்தெடுக்க நினைத்தால், பசை பழைய பூச்சையும் கையோடு கொண்டுவந்துவிடும்.

இவ்வளவும் கல்லூரிப் படிப்பு வேண்டாத அறிவு. ஆனால் காலம் வேண்டுகிற அறிவு. இங்குதான் கூலிமுறை குறுக்கிடுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், தட்டிப் பார்க்கும் முதல் நாளுக்குக் கூலி இல்லை. அளந்து பார்க்கும் நேரத்துக்கும் இல்லை. விரைவாக முடிப்பவருக்கே இலாபம். கீழ்த்தரை உடைந்தால் அவருக்கு நட்டம் கிடையாது. புதுத் தரை போடும் வேலையும் அவருக்கே கிடைத்தால் அது ஆதாயமும் ஆகிறது. ஒப்பந்தக்காரரைத் திட்டிப் பயனில்லை. வேகத்துக்கு விலை கொடுத்தவர்கள் நாம். வேகத்தைத்தான் அவர் கொடுத்தார். புதிதாகப் போடும் தரைக்குச் சதுர அடிக் கணக்குப் பொருந்தலாம். பழையதை மீட்கும் வேலைக்கு நாட்கூலிதான் நேர்மையானது என்பது நம் உறுதியான கருத்து.

கூலியோடு மூச்சையும் பேச வேண்டும். டைல்ஸிலும் கிரானைட்டிலும் மணற்கலவையிலும் சிலிக்கா உண்டு. உலர்ந்தபடி அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. அதனால் இறுகிப்போன நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருத்துவம் இல்லை. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, வெண்புகை நடுவே குனிந்திருக்கும் இளைஞரைக் கடந்து நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம். கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. அறுக்கும் இடத்தில் சிறிது நீரைச் சொட்டவிடுவதும், தூசியுறிஞ்சியை அருகில் பிடிப்பதும், முறையான முகக்கவசம் வாங்கித் தருவதும் வீட்டுக்காரரின் கடமை. பாட்டனின் தரையைக் காக்க வேறொருவர் பிள்ளையின் நுரையீரலைச் செலவழிக்கும் உரிமை நமக்கு இல்லை.

இனி நம் துறைக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் கால ஓவியங்களே நெடுங்காலம் கண்ணுக்குத் தெரிந்தன. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி, உதிர்ந்த நாயக்கர் பூச்சின் கீழே சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். மேலே ஒரு நூற்றாண்டு, கீழே வேறொரு நூற்றாண்டு. இடையே மெல்லிய சுண்ணம். சோழனே பெரிது என்று நாயக்கர் பூச்சைச் சுரண்டி எறிந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர்கள் நாயக்கர் ஓவியங்களைப் படலமாகவே பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்திக் காட்சிக்கு வைத்தார்கள். கீழ்ப்படலமும் பிழைத்தது, மேற்படலமும் பிழைத்தது. இதற்கு நேர்மாறானதையும் நம் கோயில்களில் கண்டிருக்கிறோம். கற்சுவரில் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க, மணலை விசையோடு பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கும் போனது, சிற்பத்தின் கூர்மையும் கல்வெட்டின் எழுத்துகளும் உடன் தேய்ந்தன. பின்னர் அதற்குத் தடை வந்தது. தேய்ந்த எழுத்துகள் திரும்பி வரவில்லை.

பதிப்புத் துறையில் இதே இரு வழிகளும் உண்டு. கம்பராமாயணத்தில் காலந்தோறும் ஏறிய பாடல்கள் பல. அவற்றை மிகைப்பாடல்கள் என்று இனங்கண்டு தனியே பிரித்து அச்சிட்ட பதிப்பாசிரியர்கள், ஐயத்துக்குரியதையும் அழிக்காமல் வாசகர் கையில் தந்தார்கள். ரசிகமணி டி. கே. சி. வேறு வழியில் சென்றார். தம் செவிக்கும் சுவைக்கும் ஒவ்வாத பாடல்களை விலக்கிவிட்டுக் கம்பரைத் தந்தார். அவருடைய ரசனையின் கூர்மையில் நமக்கு ஐயமில்லை. பலரைக் கம்பரிடம் அழைத்து வந்தவர் அவரே. எனினும், ஆழக் கட்டுப்பாடு இல்லாத கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதைப் பிடித்த கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், எங்கே நின்றது என்று சொல்ல அளவு இல்லை. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடங்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. இல்லாததை இட்டு நிரப்பாத அந்த அடக்கத்தைத் தரை வேலைக்கும் கற்றுக்கொள்ளலாம். பெயர்ந்துபோன இடத்தைப் பழையதைப் போலவே பொய்யாகப் பூசுவதைவிட, எளிய சிமென்டால் நிரப்பி, இங்கே ஒரு குறை உண்டு என்று தெரியும்படி விட்டுவிடுவதே நேர்மை.

மறுப்பு ஒன்று எழும், எழ வேண்டியதும்கூட. டைல்ஸ் ஒட்டியவர்கள் ரசனை கெட்டவர்களா? அல்லர். சிவப்புத் தரை தானாகப் பளபளக்கவில்லை. நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்தும், தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தும் அந்த மெருகைக் காத்தவை பெண்களின் முழங்கால்கள். வெடிப்பு விழுந்த இடத்தில் எறும்பு புற்று வைத்தது. ஒரு வெள்ளை டைல்ஸை விரும்பிய தாய், அழகை மறுத்தவள் அல்லள், ஓய்வை விரும்பியவள். தரையை மீட்டபின் அதைத் தேய்க்கப்போவது யார் என்று முடிவுசெய்யாமல் உளியை எடுப்பவரிடம் நமக்கு உடன்பாடு இல்லை. சில வீடுகளில் மேல்தளத்தை அப்படியே விட்டுவிடுவதே சரியான முடிவாக இருக்கும். கொத்தாமல் ஒட்டிய டைல்ஸின் அடியில் பழைய தரை இன்னும் பல ஆண்டுகள் பத்திரமாக உறங்கும். பொறுத்திருக்கும் தரையால் யாருக்கும் கேடில்லை. அவசரமாக எழுப்பப்பட்ட தரைக்குத்தான் கேடு.

ஆகவே நாம் கோருவது மிகச் சிறியது. பெயர்க்கும் முன் ஒரு நாள் தட்டிப் பாருங்கள். ஒரு மூலையைத் திறந்து மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். அந்த நாளுக்கும் கூலி கொடுங்கள். தட்டிப் பார்த்தே தளத்தின் நிலையைச் சொல்லும் கொத்தனார்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு ஓர் இளைஞரையும் உதவிக்கு நிறுத்தி, அவருக்கும் சேர்த்தே நாட்கூலி கொடுங்கள். தரை மீள்வதோடு, அதை மீட்கத் தெரிந்த ஒரு கையும் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும். தத்தம் ஊர்களில் இவ்வேலையைக் கண்டவர்கள், குறிப்பாகச் செட்டிநாட்டு நண்பர்கள், தாம் அறிந்த முறைகளை எழுதினால் நாமும் கற்றுக்கொள்வோம்.